இறங்கிவிடலாமா? – நெடுந்தூர சைக்கிள் பயணத்தின் ஒரு சிறு வரலாறு

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தேனி சாலையில் மேற்கே சைக்கிளை விட்டால் முதல் பத்து கிலோமீட்டர் யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். பாண்டிய மன்னன் வீழ்த்திய பாம்புதான் மலையாகிக் கிடக்கிறது என்று திருவிளையாடல் கதை சொல்லும் நாகமலை, ஒரு பக்கமாக நீண்டு கூடவே வரும். காமராசர் பல்கலைக்கழகம் கடந்து, செக்கானூரணி தாண்டியபின் வெயில் ஏறும். ஆடி மாதமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அம்மியையே பறக்கவைக்கும் காற்று மேற்கிலிருந்து நேராக நெஞ்சில் மோதும். உசிலம்பட்டி வரைக்கும் எப்படியோ சமாளித்தவர்கூட ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் ஒரு கேள்வியைச் சந்தித்தே தீர வேண்டும்.

"இறங்கிவிடலாமா?"

எதிரே மதுரைக்குப் போகும் பஸ் வரும். ஒரு காலத்தில் பஸ் கூரையிலேயே சைக்கிளை ஏற்றிவிடலாம், கண்டக்டரிடம் லக்கேஜ் காசு கொடுத்தால் போதும். இவ்வளவு சுலபமான வழி பக்கத்திலேயே இருக்கும்போது ஒரு மனிதன் ஏன் தொடர்ந்து மிதிக்கிறான்? சைக்கிள் பிறந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வியும் இருக்கிறது. அதற்கு வெவ்வேறு ஊர்க்காரர்கள் வெவ்வேறு காலத்தில் கண்ட பதில்களைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மந்தையில் சுற்றிய சைக்கிள்

இன்று ஐம்பது வயதைத் தாண்டிய கிராமத்துக்காரர் யாரிடம் கேட்டாலும் ஒரு காட்சியைச் சொல்வார். ஊருக்கு ஒரு சைக்கிள் வித்தைக் குழு வரும். மந்தையிலோ பொட்டலிலோ நடுவில் ஒரு கம்பம் நட்டு, குழாய் ஸ்பீக்கர் கட்டி, சீரியல் பல்பு தொங்கவிடுவார்கள். ஒருவர் சைக்கிளில் ஏறி அந்தக் கம்பத்தைச் சுற்ற ஆரம்பிப்பார். மூன்று நாள், ஐந்து நாள், ஒன்பது நாள் என்று குழு அறிவித்த கெடு முடியும்வரை அவர் கால் தரையில் படக்கூடாது. சாப்பாடு, குளியல், முகச்சவரம், உடை மாற்றுவது எல்லாமே சைக்கிள் மேல்தான்.

மாலையானால் கூட்டம் கூடும். சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், டியூப் லைட்டை நெஞ்சில் உடைப்பது, ஓடும் சைக்கிளிலிருந்து குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுப்பது என்று வித்தைகள் நடக்கும். ஊர்க்காரர்கள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டை ஓட்டுபவரின் சட்டையில் குத்துவார்கள். கொடுத்தவர் பெயர் மைக்கில் ஒலிக்கும். கடைசி நாளில் ஊர்ப் பெரியவர் மாலை போட்டு அவரைக் கீழே இறக்குவார்.

இதில் சுவாரஸ்யமான விஷயம் இரவில்தான். கூட்டம் கலைந்து, பாட்டு நின்று, ஊரே தூங்கிவிட்ட பிறகும் அந்த மனிதர் சுற்றிக்கொண்டிருப்பார். "எல்லாரும் தூங்கினதும் இறங்கிப் படுத்துக்குவான்யா" என்று டீக்கடையில் ஒருவர் சொல்வார். "இல்லை, நான் ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன், ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தான்" என்று இன்னொருவர் சாட்சி சொல்வார். இதற்காகவே சில இளவட்டங்கள் மந்தையில் பாய் விரித்துக் காவல் கிடந்ததும் உண்டு.

அவர்கள் காவல் காத்தது சும்மா இல்லை. கால் தரையில் பட்டுவிட்டால் அந்த ஊர் வசூல் போய்விடும். அடுத்த ஊருக்கும் செய்தி போய்விடும். அவருக்கும் அவரை நம்பி வந்த குழுவுக்கும் அதுதான் அரிசி, பருப்பு. அவரைச் சைக்கிளிலிருந்து இறங்கவிடாமல் வைத்திருந்தது ஊரின் கண்களும் வயிற்றுப்பாடும்தான். வீடுகளுக்குள் டிவி நுழைந்தபின் இந்தக் காட்சிகள் மெல்ல மறைந்துபோயின.

அமெரிக்காவின் ஆறு நாள் பந்தயம்

தமிழ்நாட்டு மந்தையில் நடந்ததற்கு ஓர் அண்ணன் உண்டு. 1878-ல் லண்டன் இஸ்லிங்டன் பகுதியில் இருந்த ஒரு பெரிய மண்டபத்தில் டேவிட் ஸ்டாண்டன் என்பவர் ஆறு நாளில் 1,000 மைல் ஓட்டிக் காட்டுவதாக 100 பவுண்டு பந்தயம் கட்டினார். முன்சக்கரம் ஆள் உயரம் இருந்த அந்தக் கால சைக்கிளில் அதைச் செய்தும் காட்டினார். ஏழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, அன்று விளையாட்டு கூடாது. அதனால்தான் ஆறு நாள் கணக்கு.

இந்த விளையாட்டு 1891-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்குப் போனது. அங்கே அது வேறு முகம் எடுத்தது. வீரர்கள் தூங்காமல் மிதித்தார்கள். அவர்கள் தடுமாறுவதையும் விழுவதையும் பார்க்கவே டிக்கெட் வாங்கிக் கூட்டம் வந்தது. 1896-ல் இந்தப் பந்தயத்தில் மேஜர் டெய்லர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் கலந்துகொண்டார். ஆறு நாளில் 1,732 மைல் ஓட்டினார். கடைசி நாட்களில் தூக்கமின்மையால் மனம் கலங்கி, கத்தியோடு ஒருவன் தன்னைத் துரத்துவதாகச் சொல்லி அதற்கு மேல் ஓட்ட மறுத்தார் என்பது அன்றைய செய்தி. அதே டெய்லர் 1899-ல் குறுந்தூர ஓட்டத்தில் உலக சாம்பியன் ஆனார்.

அடுத்த ஆண்டு, 1897-ல், சார்லஸ் மில்லர் ஆறு நாளில் 2,093 மைல் ஓட்டி ஜெயித்தார். அதாவது சுமார் 3,370 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து டெல்லியைத் தாண்டும் தூரம்! ஆனால் பத்திரிகைகள் இது விளையாட்டே இல்லை, சித்திரவதை என்று எழுதின. சீக்கிரமே, ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று நியூயார்க்கில் சட்டம் வந்தது. உடனே அமைப்பாளர்கள் இரண்டு பேர் கொண்ட அணியை உருவாக்கினார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் ஓய்வெடுக்கலாம். அந்த அரங்கின் பெயராலேயே 'மேடிசன்' என்று அழைக்கப்படும் அந்தப் போட்டி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றது.

இறங்கும் வழியையே அடைத்துவிட்டால் மனிதன் எந்த நிலைக்குப் போவான் என்பதை ஆறு நாள் பந்தயம் காட்டிக் கொடுத்தது. விடாமுயற்சிக்கும் வதைக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டக்கூடாது என்று சட்டமே சொல்ல வேண்டி வந்தது.

தூங்கியவரும் தூங்காதவரும்

அதே 1891-ல் பிரான்சில் இன்னொன்று தொடங்கியது. பாரிஸிலிருந்து அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள பிரெஸ்ட் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும். மொத்தம் சுமார் 1,200 கி.மீ. நடத்தியவர் பத்திரிகையாளர் பியர் ஜிஃபார். செப்டம்பர் 6-ஆம் தேதி சுமார் 200 பேர் கிளம்பினார்கள். தார் ரோடு கிடையாது. கியர் கிடையாது. காற்றடைத்த டயரே அப்போதுதான் வந்திருந்தது.

பிரெஸ்டை முதலில் தொட்டவர் ஜியெல்-லாவால். அவருக்குப் பின்னால் வந்தவர் சார்லஸ் டெர்ரோன். திரும்பும் வழியில் கங்காம் என்ற ஊரில் ஜியெல்-லாவால் கொஞ்சம் தூங்கி எழலாம் என்று படுத்தார். அந்த இரவில் டெர்ரோன் சத்தம் காட்டாமல் அவரைக் கடந்து போய்விட்டார். 71 மணி 22 நிமிடத்தில் பாரிஸை அடைந்தபோது விடியற்காலையிலேயே ஆயிரக்கணக்கான மக்கள் அவருக்காகக் காத்திருந்தனர். கிளம்பியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் முடித்தார்கள். சிலர் நாட்கணக்கில் தாமதமாக வந்து சேர்ந்தார்கள்.

பள்ளிக்கூடக் கதையாக எடுத்துக்கொண்டால் 'தூங்காதவன் ஜெயித்தான்' என்பதுதான் இதன் நீதி. ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. 1931 முதல் அதே பாதையில் சாதாரண மனிதர்களுக்கும் தனிப் பயணம் தொடங்கியது. தொழில்முறைப் பந்தயம் 1951-ஓடு முடிந்துவிட்டது. சாதாரண மனிதர்களின் பயணமோ இன்றும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. கடைசியாக நடந்தது 2023-ல். 90 மணி நேரம் வரை கெடு. முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. அதில் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுப்பவர்கள், எங்கே ஒரு மணி நேரம் தூங்கலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர்கள். வழியில் உள்ள பள்ளிகளில், சாப்பாட்டுக் கூடத் தரையிலும் மேசையில் தலை சாய்த்தும் தூங்குகிறார்கள். எழுந்து மறுபடி மிதிக்கிறார்கள். ஜியெல்-லாவால் செய்தது தப்பில்லை என்று நூறு ஆண்டு கழித்து அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்!

களைப்பு எங்கே இருக்கிறது?

இதே 1891-ல் இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோசோ என்ற உடலியல் அறிஞர் களைப்பைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். விரலால் எடை தூக்கவைத்து, தசை எப்போது ஓய்கிறது என்று அளக்கும் ஒரு கருவியை அவர் உருவாக்கியிருந்தார். நீண்ட நேரம் பாடம் நடத்திவிட்டோ, வாய்மொழித் தேர்வு வைத்துவிட்டோ வந்த பேராசிரியர்களின் விரல் வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஓய்ந்துபோனதை அவர் கவனித்தார். உழைத்தது மூளை, களைத்தது விரல்!

இதைச் சைக்கிளிலேயே சோதித்தவர் சாமுவேலே மார்க்கோரா. 2009-ல் வெளியான அவரது ஆய்வில் 16 பேர் இரண்டு முறை சைக்கிள் மிதித்தனர். ஒருமுறை அதற்கு முன் 90 நிமிடம் மூளையைக் கசக்கும் கம்ப்யூட்டர் வேலை. இன்னொரு முறை சும்மா உட்கார்ந்து படம் பார்த்தனர். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 நொடி மிதித்தவர்கள், மூளை களைத்த நாளில் 640 நொடியிலேயே நிறுத்திவிட்டனர். இதயமும் நுரையீரலும் எப்போதும் போலவே வேலை செய்தன. 'கஷ்டமாக இருக்கிறது' என்ற உணர்வுதான் கூடியிருந்தது.

மறு ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் ரக்பி வீரர்களை, சுமார் 240 வாட் சக்தியில் இனி முடியவே முடியாது என்று சொல்லும்வரை மிதிக்கவைத்தனர். நிறுத்திய அடுத்த நொடியே, ஐந்து நொடிக்கு மட்டும் முழு வேகத்தில் மிதிக்கச் சொன்னனர். முடியாது என்றவர்கள் சுமார் 730 வாட் காட்டினர். மூன்று மடங்கு!

ஆக 'இனி முடியாது' என்று மனம் சொல்லும்போது கால் இன்னும் முடிந்துவிடவில்லை. இதற்காக உடலின் பேச்சை மொத்தமாக அலட்சியம் செய்யவும் கூடாது. தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்து அரைக் கிலோ அளவுதான். வேகமாக மிதித்தால் சில மணி நேரத்தில் காலியாகிவிடும். அப்போது கால் மட்டும் ஓயாது, மனமும் இருண்டுபோகும். வீட்டு ஞாபகம் வரும், காரணமில்லாமல் அழுகை வரும், எல்லாமே வீண் என்று தோன்றும். அந்த நேரத்தில் தத்துவம் உதவாது. இரண்டு கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஒரு வாழைப்பழம், உப்புப் போட்ட நீர்மோர் உதவும். இருபது நிமிடம் கழித்து அதே சாலை வேறு சாலையாகத் தெரியும்.

அதேபோல விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு உடலின் வெப்பமும் விழிப்பும் இயல்பாகவே மிகக் கீழே இறங்கிவிடும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு அந்த நேரத்தின் முடிவுதான். 'விடிந்தபின் யோசிக்கலாம்' என்பது நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் நடுவே எழுதாத சட்டமாக இருக்கிறது. கண் சொருகினால் மட்டும் விடியும்வரை காத்திருக்காமல் ஓரமாக இறங்கித் தூங்கிவிட வேண்டும்.

அழகர் காட்டிய வழி

பாரிஸ்-பிரெஸ்ட் பயணத்துக்குத் தகுதி பெற, அந்த ஆண்டில் 200, 300, 400, 600 கி.மீ. பயணங்களை முடித்திருக்க வேண்டும். அவற்றுக்கு முறையே 13.5, 20, 27, 40 மணி நேரம் கெடு. 'பிரெவே' என்று பெயர். இந்தியாவில் 2010-ஐ ஒட்டித் தொடங்கிய இந்தப் பழக்கம் இப்போது சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களிலும் வேரூன்றிவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும். ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு ஒரு சோதனைச் சாவடி வரும். அங்கே முத்திரை வாங்க வேண்டும்.

600 கி.மீ. என்று நினைத்தால் மலைப்பு. அடுத்த முத்திரை 50 கி.மீ. என்று நினைத்தால், உசிலம்பட்டிக்குப் போய்க் கொஞ்சம் தாண்டுவது போலத்தான். பெரிய தூரத்தை யாரும் ஓட்டுவதில்லை. சின்னத் தூரங்களை வரிசையாக ஓட்டுகிறார்கள்.

மதுரைக்காரர்களுக்கு இது புதிய யோசனை இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோயிலிலிருந்து கிளம்பும் கள்ளழகர் ஒரே மூச்சில் வைகைக்கு வருவதில்லை. வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருகிறார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களும் ஊர் ஊராகத் தண்ணீர்ப் பந்தலையும் அன்னதானத்தையும் கணக்கு வைத்துத்தான் நடக்கிறார்கள். பிரெஞ்சுக் கிராமங்களிலும் அப்படித்தான். வீட்டு வாசலில் மேசை போட்டு, இரவெல்லாம் விழித்திருந்து காப்பியும் தண்ணீரும் கொடுக்கிறார்கள். "தைரியமாப் போ" என்று பொருள்படும் வார்த்தையைச் சின்னப் பிள்ளைகள்கூடக் கத்திச் சொல்கிறார்கள். ஓட்டுபவரின் மனவுறுதியில் பாதி, சாலையோரம் நிற்பவர்கள் கொடுத்ததுதான்.

இன்னொரு புதுக்கோட்டை

சாலையோரம் நிற்பவர்கள் எப்போதும் தைரியம் சொல்வதில்லை. நாகமலை அடிவாரத்துப் புதுக்கோட்டையிலிருந்து நூறு கிலோமீட்டர் சுற்றளவில், இன்னொரு பெரிய புதுக்கோட்டை இருக்கிறது. அந்த மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால் சைக்கிள் ஓட்டுவதும் பாடத்தில் சேர்ந்தது. விவசாயக் கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராம செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதினார்.

இவர்களை 'இறங்கு' என்று சொன்னது கால் வலி இல்லை. தெருவில் நின்ற ஆண்களின் கேலிப் பேச்சு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் நடுவில் பார் வைத்த சைக்கிளிலேயே ஓட்டியவர்கள் உண்டு. அவர்கள் இறங்காததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இறங்கினால் மறுபடி தண்ணீருக்கும் வேலைக்கும் மைல் கணக்கில் நடக்க வேண்டும், அல்லது பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். இரண்டு, ஒருத்தி தனியாக ஓட்டவில்லை. கூட்டமாக ஓட்டினார்கள். ஒருத்தியைப் பார்த்துச் சிரித்துவிடலாம், ஆயிரம் பேரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. மந்தையில் சுற்றியவரை ஊரின் கண்கள் மேலே வைத்திருந்தன. இவர்கள் ஊரின் கண்களை மீறி மேலே இருந்தார்கள்.

இறங்கியவர் மறுபடி ஏறினார்

அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு சுமார் 4,800 கி.மீ. தூரத்தை 12 நாளில் கடக்கும் போட்டி ஒன்று உண்டு. பாலைவனம், மலை, சமவெளி எல்லாம் வரும். இந்திய ராணுவ மருத்துவர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத் 2016-ல் அதில் தனியாளாகக் கலந்துகொண்டார். முடிக்க முடியவில்லை. இறங்க வேண்டி வந்தது. ஆனால் 2017-ல் மறுபடி போனார். 11 நாள் 18 மணி 45 நிமிடத்தில் முடித்து, தனியாளாக அதை முடித்த முதல் இந்தியர் ஆனார்.

2019 பாரிஸ்-பிரெஸ்ட் பயணத்துக்கு இந்தியாவிலிருந்து 300-க்கும் மேற்பட்டோர் போனார்கள். எதிர்க்காற்றிலும் இரவுக் குளிரிலும் பலர் பாதியில் நிறுத்தினார்கள். அப்போது ராணுவப் பணியில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் அனில் புரி 56 வயதில் முடித்துக் காட்டினார். பாதியில் நின்றவர்களைக் கோழைகள் என்று அந்த வட்டாரத்தில் யாரும் சொல்வதில்லை. நெஞ்சு வலி, தலைசுற்றல், வெயிலில் வியர்வையே நின்றுபோவது, கண்ணைத் திறக்க முடியாத தூக்கம் ஆகியவை வந்தால் இறங்குவதுதான் அறிவு. லாரி ஓடும் சாலையில் தூங்கிக்கொண்டே ஓட்டுவது வீரம் ஆகாது.

முடிவாக

இந்தக் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். "இறங்கிவிடலாமா?" என்ற எண்ணம் வராத ஆள் யாருமே இல்லை. முடித்தவர்களுக்கும் வந்தது, முடிக்காதவர்களுக்கும் வந்தது. முடித்தவர்கள் இரும்பு மனதை வைத்து மட்டும் அதை வெல்லவில்லை. தூரத்தைத் துண்டு போட்டார்கள். பசிக்கு முன்பே சாப்பிட்டார்கள். தூக்கம் வந்தால் தூங்கினார்கள். துணைக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். இருட்டில் முடிவெடுக்காமல் விடியும்வரை தள்ளிப்போட்டார்கள். இறங்க வேண்டிய நாளில் இறங்கி, அடுத்த வருடம் மறுபடி ஏறினார்கள்.

பரீட்சைக்குப் படிப்பவருக்கும், வேலை தேடுபவருக்கும்கூட இது பொருந்தும். மொத்தப் பாடத்தையும் நினைத்து மலைப்பவர், அடுத்த முத்திரை எங்கே என்று பார்த்தால் போதும்.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதும் பயணம்தான். உச்சிக்கு வந்ததும் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டால், அடுத்த இறக்கத்தில் ஆண்டிபட்டி வரை மிதிக்கவே தேவையில்லை.